ஊர்ப் பணத்தில் காற்றாலையா, கூரைச் சூரிய மின்சாரமா? கொள்வனவு விலையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் ஒரு தொகை இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் இன்னும் போடத் தயார். கடற்கரைப் பக்கம் பயிர் செய்ய முடியாத காணி கிடக்கிறது. தென்மேல் காற்றான சோழகம் தொடங்கினால் அங்கே கால் ஊன்றி நிற்க முடியாது. அந்தக் காற்றை மின்சாரமாக்கி மின்சார சபைக்கு விற்றால் ஊருக்கு நிரந்தர வருமானம் வருமே என்ற கேள்வி யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலிருந்தும் தீவகத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பலர் ஏற்கனவே ஒரு கம்பனியின் விலை மதிப்பீட்டைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஊர் ஒன்றின் முன் இன்று நான்கு வழிகள் உண்டு. சொந்தமாக ஒரு காற்றாலை நட்டு மின்சாரத்தை விற்பது. சங்கக் கட்டடங்களின் கூரையில் சூரியத் தகடு போட்டு விற்பது. காற்றிலோ வெயிலிலோ எடுத்து, விற்காமல், ஐஸ் தொழிற்சாலைக்கும் நீர்ப்பம்பிக்கும் தாங்களே பாவிப்பது. பெரிய திட்டம் ஒன்றுக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது, முடிந்தால் பங்கும் எடுப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய விலைகளில் ஒற்றைக் காற்றாலையை நட்டு மின்சாரத்தை விற்பது பெரும்பாலான ஊர்களுக்குக் கட்டுபடியாகாது. காற்று இல்லாததால் அல்ல. யாழ்ப்பாணத்தில் காற்று இருக்கிறது, அதைச் சபை வாங்கும் கொள்வனவு விலைதான் ஊர்களை மனதில் வைத்துப் போடப்பட்ட விலை அல்ல.

## எவற்றை வைத்து எடைபோடுவது

விலையின் தொகை அல்ல, அதன் வடிவம். ஒரு அலகுக்கு எத்தனை ரூபா என்று மட்டும் கேட்டால் போதாது. அது எத்தனை ஆண்டுக்கு? இடையில் குறையுமா? பணவீக்கத்தோடு கூடுமா? ரூபாவிலா, டொலருக்குக் கட்டியதா? 2016 இல் கூரைச் சூரியத் திட்டம் தொடங்கியபோது முதல் 7 ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, பிறகு 20 ஆம் ஆண்டு வரை 15 ரூபா 50 சதம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. ஒப்பந்த விலை அசையவில்லை, உதிரிப்பாகத்தின் விலை அசைந்தது.

காற்றின் உண்மையான வேகம். காற்றிலுள்ள சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். சராசரி வினாடிக்கு 6 மீற்றர் என்பதற்கும் 7 மீற்றர் என்பதற்கும் கேட்க வித்தியாசம் சிறிது. சக்தியில் அது கிட்டத்தட்ட 60 வீதம். கடற்கரையில் முகத்தில் அடிக்கும் காற்றை வைத்து இதை மதிப்பிட முடியாது. காற்றாலையின் மையம் நிற்கும் உயரத்தில் குறைந்தது ஒரு முழு ஆண்டு அளந்திருக்க வேண்டும். சோழகம் மே முதல் செப்ரெம்பர் வரை பலமாக வீசும். மார்கழி, தையில் வாடை ஓரளவு கைகொடுக்கும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று விழுந்துவிடும். வங்கிக் கடன் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

வட்டி. காற்றாலைக்கு எரிபொருள் செலவு கிடையாது, போட்ட முதலுக்கான வட்டிதான் அதன் எரிபொருள். அதனால் வட்டி வீதம் இரண்டு புள்ளி ஏறினாலே விலைக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

மின் வலையமைப்பு. அருகிலுள்ள மின்மாற்றியும் கம்பியும் எவ்வளவு தாங்கும், தாங்காவிட்டால் மேம்படுத்தும் செலவு யாருடையது, சபை நிறுத்தச் சொல்லும் நேரத்துக்குப் பணம் உண்டா என்பவை.

காணியும் சம்மதமும். இதைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் பணத்தைவிட இதுதான் அதிக காலம் எடுக்கும்.

## கொள்வனவு விலை வந்த வழி

இந்த வரலாறு தெரியாமல் இன்றைய விலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாது.

1990களின் பிற்பகுதியில் சிறு மின் உற்பத்தியாளரிடம் சபை வாங்கத் தொடங்கியபோது, தவிர்க்கப்பட்ட செலவு என்ற அடிப்படையில் விலை போட்டார்கள். நீங்கள் ஒரு அலகு தருவதால் சபை எவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்துகிறதோ அதுதான் உங்கள் விலை. மாசி முதல் சித்திரை வரையான வறட்சிக் காலத்துக்கு ஒரு விலை, மழைக் காலத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. மலைநாட்டுச் சிறு நீர்மின் நிலையங்கள் இந்த முறையில்தான் வளர்ந்தன. காற்றுக்கு இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. நமக்குச் சோழகம் வீசும் அதே மாதங்களில்தான் தென்மேல் பருவமழை மலைநாட்டு நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. காற்று கூடுதலாக மின் தரும் காலத்தில் சபைக்கு மின்சாரம் மலிவு.

அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, கடன் கட்டும் ஆண்டுகளில் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் படிப்படியான விலை வந்தது. 10 மெகாவாட் வரையான திட்டங்களுக்கு ஒரே மாதிரியான ஒப்பந்தம். புத்தளத்துக் காற்றாலைகளும், 2014 இல் பளைப் பகுதியில் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் தலா 10 மெகாவாட்டாக எழுந்தவையும் இந்தக் காலத்தின் பிள்ளைகள். ஏ9 வீதியில் போகும்போது நாம் பார்க்கும் அந்தச் சுழலிகள் எழுந்தது விலை முன்கூட்டியே தெரிந்ததால்தான். ஆனால் அவையும் கம்பனிகளின் திட்டங்கள், ஊர்களுடையவை அல்ல.

பிறகு 2013 இன் சட்டத் திருத்தத்தோடு மிகக் குறைந்த செலவில் வாங்க வேண்டும் என்ற விதி இறுகி, போட்டி விலைமனு முறை வந்தது. மன்னாரில் சபையே ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 30 சுழலிகளோடு தம்பபவனி காற்றாலையைக் கட்டியது. மன்னாரிலும் நமக்கு எதிர்க்கரையான பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்துடன் பேசப்பட்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம். அந்த விலை பெரும் சர்ச்சையாகி, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு நடந்த போட்டி விலைமனுவில் வென்ற விலை 4.65 சதம்.

டொலர் 300 ரூபா என்று வைத்தால், 8.26 சதம் 24 ரூபா 78 சதம். 4.65 சதம் 13 ரூபா 95 சதம். ஊர்ச் சங்கம் போட்டியிட வேண்டிய சந்தை விலை இந்த இரண்டாவதுதான்.

## ஒரு மெகாவாட் காற்றாலைக்கு என்ன விலை வேண்டும்

கையில் இருக்கும் மதிப்பீட்டின் எண்களைப் போட்டு நீங்களே செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. உதாரணத்துக்கு 1 மெகாவாட் சுழலி, அத்திவாரம், வீதி, இணைப்புக் கம்பி எல்லாம் சேர்த்து 45 கோடி ரூபா என்று வைப்போம். பராமரிப்பு, காப்புறுதி, காவல் ஆண்டுக்கு 1 கோடி. முதல் முழுவதையும் 15 ஆண்டில் மீட்க வேண்டும். ஆண்டு முழுதும் முழு வேகத்தில் ஓடினால் வரும் மின்சாரத்தில் 30 வீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 26 இலட்சத்து 28 ஆயிரம் அலகு. 40 வீதம் கிடைத்தால் 35 இலட்சத்து 4 ஆயிரம் அலகு.

| வட்டி | 30 வீத உற்பத்தியில் தேவையான விலை | 40 வீத உற்பத்தியில் தேவையான விலை |
|---|---|---|
| 8 வீதம் | ரூ. 23.80 | ரூ. 17.90 |
| 12 வீதம் | ரூ. 29.00 | ரூ. 21.70 |
| 16 வீதம் | ரூ. 34.50 | ரூ. 25.90 |

எந்தக் கட்டத்திலும் 13 ரூபா 95 சதம் இல்லை. மிக நல்ல காற்றும் மிகக் குறைந்த வட்டியும் சேர்ந்தாலும் 4 ரூபா குறைகிறது. மன்னாரில் வென்றவர்கள் இதே காற்றை வைத்துத்தான் அந்த விலையைக் கேட்டார்கள். ஆனால் பெரிய சுழலி, மொத்தமாக வாங்கும் பேரம், ஒரே பாரந்தூக்கியை எல்லாச் சுழலிக்கும் பயன்படுத்தும் வசதி, மலிவான கடன் எல்லாம் அவர்கள் பக்கம். ஒற்றைச் சுழலிக்கும் அதே பாரந்தூக்கியைக் கொழும்பிலிருந்து கொண்டுவர வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பாதியை நன்கொடையாகத் தந்து, அதைத் திருப்பித் தர வேண்டாம் என்றால்? 12 வீத வட்டியில், 30 வீத உற்பத்தியில் தேவையான விலை 16 ரூபா 40 சதத்துக்கு இறங்கும். அப்போதும் சந்தை விலைக்கு மேலேதான். அதோடு, இருபத்திரண்டரைக் கோடி நன்கொடையால் ஊருக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி எழும். அதைக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

கனடாவில் இருப்பவர்கள் இந்த யோசனையை ஆர்வத்தோடு முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்ராறியோ மாகாணம் 2009 இல் அறிவித்த திட்டத்தில் வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு அலகுக்கு 80.2 கனடாச் சதமும் தரைக் காற்றாலைக்கு 13.5 சதமும் 20 ஆண்டு ஒப்பந்தமாகத் தந்தார்கள். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2011 இல் ஊர்ச் சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் என்றே தனி விலை வைத்தது. பெரிய காற்றாலைக்கு 13.1 சதம், 50 கிலோவாட்டுக்குட்பட்ட சிறியதற்கு 49.9 சதம். சிறியது செலவு கூடியது என்பதை அந்த விலையே ஒத்துக்கொண்டது. டென்மார்க்கில் கொப்பன்ஹேகனுக்கு எதிரே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலையின் 20 சுழலிகளில் பாதி, 8,000 க்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். ஜேர்மனியில் 2017 இல் விலைமனு முறைக்கு மாறியபோது மக்கள் சேர்ந்து நடத்தும் கம்பனிகளுக்கான சலுகையின் கீழ் வென்ற திட்டங்களில் பெரும்பகுதி கட்டப்படவே இல்லை. ஊர்க் காற்றாலை தழைத்த இடங்களில் ஊருக்கென்று ஒதுக்கிய விலை இருந்தது. இலங்கையில் அப்படி ஒரு விலை காற்றுக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், கேட்கவும் வேண்டும். வரும்வரை அது இருப்பதாக நினைத்துக் கடன் எடுக்கக் கூடாது.

## வழி 1: சொந்தக் காற்றாலை, சபைக்கு விற்பனை

மேலே உள்ள கணக்கில் வராத செலவுகள் இன்னும் இருக்கின்றன.

முதலாவது, காணி. 16 பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். அந்த 16 பரப்புக்கும் உறுதியில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிரிக்கப்படாத பங்குக் காணி, ஒரு பங்காளி பாரிசில், ஒருவர் மெல்பேணில், இன்னொருவர் இறந்து உரித்துக்காரர் யாரென்றே தெரியாது. வங்கி கடன் தருவதற்கு முன் ஒவ்வொருவரின் கையெழுத்தும், வராதவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமும் கேட்கும். இதற்கே ஆண்டுக்கணக்கில் போகலாம்.

இரண்டாவது, நிலம். குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல், அதற்குள் வெடிப்பும் குகையும். நிலாவரைக் கிணறு அதன் அடையாளம். பெரிய கோபுரத்தின் அத்திவாரத்துக்கு ஆழமான மண் பரிசோதனை அவசியம். நமக்குக் குடிநீர் தருவதும் அதே கல்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததைக் கண்ட மண் இது, சுழலியின் பல்லிணைப்பெட்டி (கியர் பொக்ஸ்) எண்ணெய் மாற்றும் முறைகூட எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சட்ட உரு. 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட சனசமூக நிலையத்தின் நிர்வாகசபையால் முடியாது. 2007 இன் கம்பனிச் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனியோ முறையாகப் பதிந்த கூட்டுறவுச் சங்கமோ வேண்டும். நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதி, சுற்றாடல் அனுமதி, கரையோரக் காணியானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி. பறவைகள் வரும் தொண்டைமானாறு, சுண்டிக்குளம் பக்கங்களில் இது இன்னும் கடினம், கடினமாக இருக்கவும் வேண்டும்.

நான்காவது, பணம் கைக்கு வரும் காலம். 2022 நெருக்கடியில் நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தியாளர்களுக்குச் சபை பல மாதப் பணம் நிலுவை வைத்தது. பெரிய கம்பனி வங்கியோடு பேசித் தாக்குப்பிடிக்கும். ஊர்ச் சங்கத்துக்குக் குறைந்தது அரை ஆண்டுக் கடன் தவணை தனியாக ஒதுக்கி இருக்க வேண்டும். காற்று விழும் மாதங்களுக்கும் அதே ஒதுக்கீடு உதவும். 2024 இன் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்திடுவது யார், அவர்களுடைய கொடுப்பனவுக்கு உத்தரவாதம் என்ன என்பதையும் கேட்க வேண்டும்.

இது பொருந்தும் சந்தர்ப்பமும் உண்டு. ஊர்த் திட்டங்களுக்கென நிலையான விலை அறிவிக்கப்பட்டு, 8 வீதத்துக்குக் கீழ் நீண்டகாலக் கடன் கிடைத்து, ஓராண்டு காற்று அளவீடு கையில் இருந்து, காணி ஒரே உறுதியில் இருந்தால் துணிந்து இறங்கலாம்.

## வழி 2: கூரைச் சூரியம், சபைக்கு விற்பனை

இதில் அனுமதி எளிது, கூரை ஏற்கனவே இருக்கிறது, காணிப் பிரச்சினை இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம், பாடசாலை மண்டபம், கோயில் மடம் என்று தகட்டுக் கூரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் வேலை முடியும், பழுது பார்க்க ஊரிலேயே ஆள் கிடைக்கும்.

விலை மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. 2022 முடிவில் அலகுக்கு 37 ரூபா வரை கொடுத்தார்கள். 2025 இன் அட்டவணையில் 5 கிலோவாட் வரை 20 ரூபா 90 சதம், 5 முதல் 20 கிலோவாட் வரை 19 ரூபா 61 சதம், பெரிதாகப் பெரிதாக இன்னும் குறைவு. 1 கிலோவாட் மாதம் சுமார் 120 அலகு தரும் என்று வைத்தால் 20 கிலோவாட் தொகுதிக்கு மாதம் 47,000 ரூபா அளவில் வரும். உங்கள் மதிப்பீட்டுக்காரர் பழைய 37 ரூபாவில் கணக்குக் காட்டினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்திடும் நாளின் விலைதான் உங்களுடையது.

மறைந்திருக்கும் செலவு நண்பகலில் இருக்கிறது. நாடு முழுவதும் கூரை மின்சாரம் கூடி, தேவை குறைந்த விடுமுறை நாட்களில் வலையமைப்பு தடுமாறுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. அதே வீதியில் பல தொகுதிகள் இருந்தால் மின்னழுத்தம் ஏறி இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். உங்கள் பகுதி மின்மாற்றியில் இடம் முடிந்திருந்தால் விண்ணப்பமே தங்கிவிடும். எனவே தகடு வாங்குவதற்கு முன் மின்மாற்றியின் நிலையை எழுத்தில் கேளுங்கள்.

மின்கலத்தில் சேர்த்து மாலை 6.30 முதல் 10.30 வரை தரும் அலகுக்கு 45 ரூபா 80 சதம் என்று 2025 இல் ஒரு விலை வந்தது. பகல் விலையின் இரு மடங்குக்கு மேல். மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், மாற்றும் செலவு எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்த்தபிறகும் மிஞ்சினால், இந்த நான்கு வழிகளில் விற்பனைக்கு மிகப் பொருத்தமானது இதுவாக இருக்கலாம்.

## வழி 3: எடுத்ததைத் தாங்களே பாவிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. விற்கும் அலகுக்குச் சபை வைத்த விலை, வாங்காமல் விட்ட அலகுக்கு உங்கள் கரண்ட் பில்லின் விலை. கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலை, குளிரூட்டிய களஞ்சியம், அரிசி ஆலை, குடிநீர்த் திட்டத்தின் பம்பி எல்லாம் ஆண்டு முழுதும் மின் குடிப்பவை. பில்லில் உள்ள விலை கொள்வனவு விலையைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, பாவிப்பதுதான் இலாபம்.

தேவை எந்த நேரத்தில் என்பது முக்கியம். நீர்ப்பம்பியைப் பகலில் ஓடவிட்டுத் தாங்கியை நிரப்பலாம். ஐஸை வெயில் நேரத்தில் உறைய வைத்து விடிய விற்கலாம். தேவையை வெயிலுக்கு நகர்த்த முடிந்தால் மின்கலம்கூட வேண்டாம்.

சிறு காற்றாலை இங்கே வருமா? ஓரிடத்தில் மட்டும். பெருநிலத்து ஊர்களில் பனைக்கும் தென்னைக்கும் நடுவே 15 மீற்றர் கம்பத்தில் நிற்கும் சிறு சுழலி குழம்பிய காற்றில் ஆடுமே தவிர மின் தராது. சுற்றியுள்ள மரங்களைவிட 10 மீற்றராவது உயர நிற்க வேண்டும், பனையோ 20 மீற்றரைத் தாண்டும். உப்புக்காற்று சுழலியின் அச்சுத்தாங்கியையும் இணைப்பையும் அரிக்கும். அதே பணத்துக்குச் சூரியத் தகடு கூடுதல் அலகு தரும்.

அந்த ஓரிடம் வலையமைப்பு எட்டாத தீவுகள். அங்கே ஒப்பிட வேண்டியது டீசலின் செலவோடு. எழுவைதீவில் காற்று, சூரியம், மின்கலம், டீசல் நான்கும் இணைந்த சிறு வலையமைப்பு உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில் 2024 இல் ஒப்பந்தமான திட்டத்தில் 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியம், 2,400 கிலோவாட்-மணி மின்கலம், 2,500 கிலோவாட் டீசல் துணை என்று வடிவமைத்தார்கள். காற்றுக்குப் பேர்போன தீவுகளிலேயே காற்றைவிடச் சூரியத்துக்கு மும்மடங்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நெடுந்தீவுச் சங்கமோ அனலைதீவுச் சங்கமோ பணம் திரட்டினால், தனிச் சுழலி நடுவதைவிட அந்த மின்சாரத்தைப் பாவிக்கும் குளிர்க்களஞ்சியம் கட்டுவதே நல்லது என்பேன்.

தெற்கின் மலைக் கிராமங்களில் மக்கள் சங்கங்கள் கட்டிய சிறு நீர்மின் நிலையங்கள் பல, தேசிய மின்சாரம் ஊருக்கு வந்ததும் கைவிடப்பட்டன. வலையமைப்பு வந்தபின் உங்கள் இயந்திரத்துக்கு என்ன வேலை என்பதை முதலிலேயே யோசியுங்கள்.

இந்த வழியின் ஆபத்து, பில் விலை ஆடுவது. 2025 ஜனவரியில் கட்டணம் சராசரி 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. கணக்கைக் குறைந்த விலையில் போட்டுப் பாருங்கள், அப்போதும் நின்றால் தொடங்கலாம்.

## வழி 4: காணியைக் குத்தகைக்குக் கொடுத்துப் பங்கு எடுப்பது

வடக்கில் பெரிய காற்றாலைகள் இனியும் வரும். 2030 இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது நாட்டின் இலக்கு, காற்று இருப்பது இங்கே. கேள்வி, அதில் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பது. மன்னார் தீவில் 2025 இல் மக்கள் வீதிக்கு வந்ததன் பின்னால் வெள்ளம் வடியாமை, மீன்பிடி, பறவைகள் பற்றிய பயம் இருந்தது. கேட்காமல் செய்தார்கள் என்ற கோபமும் இருந்தது. பங்கும் பேச்சுரிமையும் உள்ள ஊரில் அதே சுழலியைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முதல் போட வேண்டியதில்லை, கடன் இல்லை, காற்று விழுந்தாலும் குத்தகை வரும். ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகள் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். குத்தகை ஆண்டுதோறும் பணவீக்கத்தோடு கூட வேண்டும், அல்லது விற்ற அலகின் வீதமாக இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் கோபுரத்தையும் அத்திவாரத்தையும் அகற்றும் செலவு முன்கூட்டியே வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். வெள்ள வாய்க்காலை மறிக்காத வீதி வேண்டும். வீடுகளுக்கான தூரமும் மீனவர் பாதையும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். கம்பனி கைமாறினால் இந்த நிபந்தனைகளும் கூடவே போக வேண்டும். ஊருக்கு 5 வீதப் பங்கை அடக்க விலையில் வாங்கும் உரிமையைக் கேட்டுப் பாருங்கள். கம்பனி மறுக்கலாம், ஆனால் பேச்சு குத்தகையில் மட்டும் தொடங்கினால் பங்கு ஒருபோதும் மேசைக்கு வராது.

## ஒரே பார்வையில்

| | சொந்தக் காற்றாலை | கூரைச் சூரிய விற்பனை | சொந்தப் பாவனை | குத்தகையும் பங்கும் |
|---|---|---|---|---|
| ஒரு அலகின் மதிப்பு | சந்தை விலைமனு, சுமார் ரூ. 14 | 2025 இல் 20 கிலோவாட் வரை ரூ. 19.61 முதல் 20.90, மாலை மின்கலத்தில் ரூ. 45.80 | உங்கள் பில் விலை | பேரத்தைப் பொறுத்தது |
| முதல் | மிகப் பெரியது | கட்டம் கட்டமாகப் போடலாம் | கட்டம் கட்டமாகப் போடலாம் | இல்லை அல்லது சிறிது |
| தொடங்க எடுக்கும் காலம் | ஆண்டுகள் | மாதங்கள் | மாதங்கள் | கம்பனியின் கையில் |
| பெரிய ஆபத்து | வட்டி, நிலுவை, காற்று விழுதல் | பகல் நிறுத்தம், மின்மாற்றி இடம் | கட்டண மாற்றம், தேவை குறைதல் | பலவீனமான ஒப்பந்தம் |
| காணிச் சிக்கல் | மிக அதிகம் | இல்லை | குறைவு | அதிகம் |

## யாருக்கு எது

குளிர்க்களஞ்சியமோ ஐஸ் தொழிற்சாலையோ நீர்த்திட்டமோ ஏற்கனவே ஓடும் ஊருக்கு மூன்றாவது வழி, தயக்கமே வேண்டாம். கடந்த 12 மாத பில்லை மேசையில் வைத்துத் தொடங்குங்கள். பெரிய கூரை இருந்தும் பெரிய பாவனை இல்லாத சங்கத்துக்கு இரண்டாவது வழி. 20 கிலோவாட்டுக்குள் தொடங்கி, மாலை விலைக்கு மின்கலம் சேர்க்க இடம் விட்டு வையுங்கள். திறந்த கடற்கரைக் காணியும் கம்பனியின் கதவுத் தட்டலும் இருந்தால் நான்காவது வழி. சட்டத்தரணிக்கும் தனியாக ஒரு பொறியியலாளருக்கும் முதலில் செலவழியுங்கள், கம்பனி தரும் பொறியியலாளர் அந்த வேலைக்கு ஆகாது.

முதலாவது வழியில்தான் மனம் நிற்கிறது என்பவர்கள் சுழலியை வாங்காமல் அளவீட்டுக் கோபுரத்தை நடுங்கள். அதற்கு ஆகும் செலவு சுழலியின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஓராண்டுத் தரவு கையில் இருந்தால், ஊர்த் திட்டங்களுக்கு விலை அறிவிக்கும் நாளில் நீங்கள் தயாராக நிற்பீர்கள். அந்த விலை வராவிட்டாலும், குத்தகை பேச வரும் கம்பனியிடம் உங்கள் காணியின் காற்றுக்கு என்ன மதிப்பு என்று உங்களாலேயே சொல்ல முடியும். பல ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவாகப் பதிந்து கோபுரத்தைப் பொதுவாக வாங்கினால் செலவு இன்னும் குறையும். 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கட்டிய குடாநாட்டுக்கு அதற்கான நடைமுறை புதிதல்ல. ஊர்களுக்குத் தனி விலை கேட்கும் கோரிக்கையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொதுக் கலந்தாய்வுக்கும் கொண்டு போங்கள். மின்சாரக் கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. ஊர்க் காற்றாலைக்குத் தனி விலை வேண்டும் என்பதை எண்களோடு, தமிழிலேயே, அங்கே எழுதிக் கொடுக்கலாம்.